இருவாச்சி பாடிய காதல்

அத்திமரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் செங்கண்ணன் என்ற ஆண் இருவாச்சிப் பறவை இருந்தது. அதன் மனைவி வெண்விழி. இருவாச்சிகளின் குடித்தனமே தனி மாதிரி, குழந்தைகளே. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். கணவன் ஊட்டாமல் வேறு யார் கொடுத்தாலும் உண்பதில்லை என்பது அந்தக் காட்டு இருவாச்சிப் பெண்களின் விரதம்.

செங்கண்ணன் வேளை தவறாமல் ஊட்டிவந்தது. குஞ்சும் பொரிந்தது.

ஒரு நாள் கிளி பறந்து வந்தது. "கழுகு ராஜாவின் சபையில் பாட்டுப் போட்டி! காதலை உருக்கமாகப் பாடுபவருக்கு மாலையாம். உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்றது. முகஸ்துதி செய்யக் கிளிக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

செங்கண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. இடுக்கருகே போய், "வெண்விழி, உன்னைப் பற்றித்தான் பாடப் போகிறேன். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன்" என்றது.

"போய் வாருங்கள். குஞ்சு பசி தாங்காது, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்" என்றது வெண்விழி.

சபையில் செங்கண்ணன் பாடியது. சேற்றுச் சுவரையும் அதற்குப் பின்னால் காத்திருக்கும் மனைவியையும் பாடியது. மயில் விம்மி விம்மி அழுதது. கழுகு ராஜா மாலையைப் போட்டு, "இன்னொன்று!" என்றது.

"ராஜா, வீட்டில் அவள் பசியோடு காத்திருப்பாள்" என்று இழுத்தது செங்கண்ணன்.

"அட, அந்தக் காத்திருப்பையே பாடேன்!" என்றது கிளி.

பாடியது. மறுநாள் பக்கத்துக் காட்டிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள், அவர்களுக்கும் பாடியது. செங்கண்ணனுக்கு வீட்டு நினைப்பு வராமல் இல்லை. ஆனால் வந்த நினைப்பெல்லாம் அடுத்த பாட்டாகிவிட்டது. "எப்பேர்ப்பட்ட காதல்!" என்று சபை கைதட்டியது.

ஐந்தாம் நாள்தான் அலகு நிறைய அத்திப்பழங்களோடு திரும்பி வந்து, "வெண்விழி!" என்று கூப்பிட்டது. இடுக்கு வழியே ஒரு சின்ன அலகு மட்டும் நீண்டது.

பக்கத்துக் கிளையில் அணில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. "அண்ணா, தினமும் நான் பழம் கொண்டுவந்தேன். 'குஞ்சுக்கு வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அவர் வந்து தரட்டும்' என்று சொல்லிவிட்டார் அக்கா. நேற்று சாயங்காலம்கூட, உங்கள் சிறகுச் சத்தம் கேட்கிறதா என்று விசாரித்தார். இன்று காலையில் எழுந்திருக்கவில்லை."

செங்கண்ணன் இடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தது. "ஐயோ, இத்தனை நாளும் நான் அவளைப் பற்றித்தானே பாடிக்கொண்டிருந்தேன்!" என்று கதறியது.

"பாடினீர்களாம், காடே பேசிக்கொண்டது" என்றது அணில். "இங்கேதான் ஒன்றும் கேட்கவில்லை அண்ணா."

உள்ளே குஞ்சு பசியில் கத்தியது. செங்கண்ணன் அழுதுகொண்டே ஒவ்வொரு பழமாக ஊட்டத் தொடங்கியது.

நீதி: அன்பைப் பாடினால் ஊர் மெச்சும், ஆனால் காத்திருப்பவருக்கு வேண்டியது, நாம் வேளைக்கு வந்து சேர்வதுதான்.