வாசலுக்கு வந்த கல்

மூன்றாவது நாளாகப் பர்மாப் பாத்திக்குத் தண்ணீர் இல்லை. எலுமிச்சைப் புல் நுனி கருகிவிட்டது.

தண்ணீர் விட வேண்டியவர் தியோகு. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். எங்கள் ஊர் சமாதானத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் பாத்திக்கு அவரவர் தண்ணீர் விடக் கூடாது. சிலோன்காரர்கள் பர்மாப் பாத்திக்கு விடணும். பர்மாவிலிருந்து திரும்பிய பர்மாக்காரர்கள் திபெத்துப் பாத்திக்கு. ஸ்வெட்டர் விற்கும் திபெத்துக்காரர்கள் சிலோன் பாத்திக்கு. இப்படி ஒரு தோட்டம் வேறெங்காவது இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம்.

சண்டை ஒரு கல்லால் வந்தது. தோட்டத்தை ஆரம்பித்தவர்கள் பெயரை வெட்டி வாசலில் நிறுத்தக் கல் வந்து இறங்கியது. யார் பெயர் முதலில்? பர்மாக்காரர்கள் நாங்கதான் என்றார்கள். சிலோன்காரர்கள் விடவில்லை. பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையில் வாய்ச்சண்டை முற்றியது. இனி அந்தப் பாத்திக்கு ஒரு சொட்டு விடாதே என்று தியோகுவிடம் அவர் ஆட்கள் சொல்லிவிட்டார்கள்.

தியோகு நேரே சபூரா அக்காவிடம் போனார். தோட்டத்துக்குத் தலைமை அவர்தான். பர்மாக்காரர். தியோகுவுக்குச் செடி வேலை அத்தனையும் கற்றுக் கொடுத்தவர்.

"அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

அக்கா குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தோட்டம் இருக்கிற இடம் கலவரத்துல எரிஞ்ச சந்தை. தெரியும்ல?"

"தெரியும்."

"மூணு கூட்டமும் மூணு பாத்தி போட்டோம். குழாய் ஒண்ணே ஒண்ணு. முதல் கோடையிலயே குடத்தால அடிச்சுக்கிட்டோம். என் மண்டையில தையல் இருக்கு. அப்புறம் எவனும் இந்தப் பக்கம் வரல. செடியெல்லாம் காஞ்சுது."

"அப்புறம்?"

"ஒரு நாள் வந்து பார்த்தா எங்க பாத்தி ஈரமா இருந்துச்சு. நாங்க யாரும் விடல."

"வேற யாரு?"

"யாரும் ஒத்துக்கல. எதிராளிக்குத் தண்ணி விட்டேன்னு சொன்னா வீட்டுல சோறு கிடைக்குமா? அதைத்தான் பிறகு சட்டமாக்கினோம்."

தியோகு யோசித்தார். "அப்போ ஆரம்பிச்சது அந்த ஆளுதான்."

"ஆமா."

"கல்லுல யார் பேரைப் போடுறது?"

அக்கா வாளியை நிரப்பி அவர் முன்னால் வைத்தார்.

"அன்னைக்கு யாருன்னு தெரியாது. இன்னைக்கு யாருன்னு பார்த்துடலாம்."

வேலிக்கு வெளியே தியோகுவின் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் மனைவியின் தம்பி ஆரோக்கியம் சத்தமாகவே சொன்னான். "மச்சான், அந்த வாளியைத் தொட்டீங்கன்னா அப்படியே பர்மாவுக்கே போயிடுங்க."

நாலு பேர் சிரித்தார்கள்.

தியோகு வாளியைத் தூக்கினார். ஊற்றினார். திரும்ப வந்து நிரப்பினார். பாத்தியின் கடைசி வரிசை நனையும்வரை அவர் நிற்கவில்லை. அதற்குள் வேலிப்பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா வாளியை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"கல்தச்சர் உளியோட வாசல்ல நிக்கிறாரு. போய் உன் பேரைச் சொல்லு."

தியோகு போனார். கல்தச்சர் உளியைக் கல்லில் வைத்துக்கொண்டு, என்ன பேர் என்று கேட்டார்.

"அன்னைக்குத் தண்ணி விட்ட ஆளும் பேர் சொல்லல" என்றார் தியோகு.