பாதி அப்பளமும் கூட்டு நலக் குழுவும்

ஏழுகிணத்துப்பட்டியில் கிணறு மூன்றுதான். மிச்சம் நாலும் எப்படியும் வந்துவிடும் என்று முதலிலேயே பெயரை வைத்துவிட்டுக் காத்திருக்கிற ஊர் அது. அங்கே மாசிலாமணி என்று ஒருவர் இருந்தார். வயசு அறுபத்தாறு. யார் வம்புக்கும் போகமாட்டார். பக்கத்து வீட்டுத் தங்கையாவோடு மட்டும் பத்தொன்பது வருஷமாகப் பேச்சில்லை.

காரணம் லேசுப்பட்டதில்லை. தங்கையா தன் கடைசி மகள் சுந்தரவல்லிக்குக் காது குத்தியபோது பந்தி போட்டார். நூற்றிருபது இலையிலும் முழு அப்பளம் விழுந்தது. மாசிலாமணி இலையில் மட்டும் பாதி. அதுவும் இடது பாதி. வட்டமான அப்பளத்தில் இடது ஏது, வலது ஏது என்று கேட்கிறவர்களுக்கு அப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை, அவ்வளவுதான்.

இப்போது அதே சுந்தரவல்லிக்குக் கல்யாணம். மாசிலாமணிக்கும் பத்திரிகை வந்தது. அதை அவர் கசங்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பத்திரிகை வந்தும் போகாமல் இருந்தால்தானே போகாததற்கு ஒரு மதிப்பு? ஊரே மண்டபத்துக்குப் போகும்போது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கப் போகாமல் இருக்க வேண்டும். அதற்காகச் சட்டையைக்கூட வெளுத்து வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. நர்ஸ் செல்வமேரி எல்லாருக்கும் பிரஷர் பார்த்தாள். தங்கையாவுக்குத் தொண்ணூறு. அவர் எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கிற மனுஷன். மாசிலாமணிக்கு நூற்றுத் தொண்ணூறு.

"ஐயா, டாக்டர் எழுதின மாத்திரையை விடாம சாப்பிடுங்க. உப்பைக் குறைங்க. தினம் அரை மணி நேரம் நடக்கணும். பதினஞ்சு நாள்ல நூத்தி நாப்பதுக்கு வரலேன்னா பெரிய ஆஸ்பத்திரியில பத்து நாள் சேர்த்துருவேன்" என்றாள்.

மாசிலாமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பதினைந்தாம் நாள்தான் கல்யாணம். ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், "பாவம், உடம்புக்கு முடியல, அதான் கல்யாணத்துக்கு வரல" என்று ஊர் சொல்லும். பத்தொன்பது வருஷத்துக் கோபம் ஒரே நாளில் காய்ச்சலாகிவிடும்.

நல்லவேளையாக ஊரில் அப்போதுதான் கூட்டு நலக் குழு ஆரம்பித்திருந்தார்கள். முடியாதவர்களை ஊரே சேர்ந்து பார்த்துக்கொள்வதற்காக. பால் சங்கத்திலிருந்து தலைவர் பழனியாண்டி, பஞ்சாயத்திலிருந்து மெம்பர் சுருளி, மகளிர் குழுவிலிருந்து பேச்சியம்மாள். ஆக மூன்று பேர். "எதுவா இருந்தாலும் மூணு பேரும் சேர்ந்து செய்யணும். வேலையைச் சமமாப் பகிர்ந்துக்கணும்" என்று செல்வமேரி சொல்லிவிட்டுப் போனாள். சொன்னது அவள் தப்புத்தான்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் வந்து, கடுகு போல இருந்த மாத்திரையை மூன்று கையாலும் பிடித்து மாசிலாமணியின் வாயில் போட்டார்கள். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு தடவை மூக்கில் போனது.

அடுத்து நடை.

"அரை மணி நேர நடை. ஆளுக்குப் பத்து நிமிஷம்" என்றார் பழனியாண்டி.

"நான் எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"உங்களுக்கு எங்கண்ணே மிச்சம் இருக்கு? மூப்பத்து முப்பது. அரை மணி முடிஞ்சு போச்சே!" என்றான் சுருளி.

மூன்று பேரும் முறை வைத்து நடந்தார்கள். மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் ஏமாற்றாமல் நடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

உப்பு விஷயத்தில்தான் யோசனை நீண்டது.

"அவர் குறைக்கிற உப்பை என்ன செய்யிறது? ஜாடியில அப்படியே கிடக்குதே" என்றாள் பேச்சியம்மாள்.

"பங்கு போட வேண்டியதுதான்" என்றார் பழனியாண்டி.

அன்றிலிருந்து மாசிலாமணி சாப்பிடாத உப்பை மூன்று பேரும் தங்கள் குழம்பில் போட்டுச் சாப்பிட்டார்கள். முகம் சுளித்தாலும் முறை தவறவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் செல்வமேரியிடமிருந்து சேதி வந்தது. ஊரே மண்டபத்தில்தான் இருக்கும் என்பதால் அங்கேயே வந்து பிரஷர் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். குழு அவசரமாகக் கூடியது.

"மாசிலாமணி அண்ணன் கிட்டப் போனா இன்னும் கொதிக்கிறாரே. இவரு எங்க நூத்தி நாப்பதுக்கு வரப்போறாரு?" என்றாள் பேச்சியம்மாள்.

பழனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்ம சங்கத்துப் பாலை இதுவரைக்கும் லாரிக்காரன் திருப்பி அனுப்பியிருக்கானா?"

"இல்லையே."

"எப்படி? ஒருத்தன் பால் தண்ணியா இருக்கும், ஒருத்தன் பால் கெட்டியா இருக்கும். ஒரே கேன்ல ஊத்துறோம். எல்லாம் சரியாப் போயிருது. இவருக்கு நூத்தித் தொண்ணூறு. தங்கையாவுக்குத் தொண்ணூறு."

சுருளி தரையில் கோடு போட்டுப் பார்த்தான். வாய் பிளந்தான். "தலைவரே! நூத்தி நாப்பது! ஒரு சொட்டுக்கூடக் கூடல, குறையல!"

"ஆனா ரெண்டு ஆளை எந்தக் கேன்ல ஊத்துறது?" என்று கேட்டாள் பேச்சியம்மாள். கேள்வி நியாயமானதுதான்.

விடிந்ததும் மாசிலாமணியின் இடது கையையும் தங்கையாவின் வலது கையையும் சேர்த்து, ஒரு பால்சங்கத் துண்டால் இறுக்கக் கட்டினார்கள். சீக்கிரம் கட்டினால்தான் முகூர்த்தத்துக்குள் கலக்கும் என்பது பேச்சியம்மாளின் கருத்து. உறை ஊற்றினால் உடனேயா தயிராகிறது?

"நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன்" என்று முறைத்தார் மாசிலாமணி. "வேணும்னா கையை மட்டும் கூட்டிட்டுப் போங்க."

மூன்று பேரும் ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"சரிண்ணே. கைதான் கல்யாணத்துக்கு வருது. நீங்க கைக்குத் துணையா வர்றீங்க. யார் கேட்டாலும் நாங்க சொல்லிக்கிறோம்" என்றார் பழனியாண்டி.

மாசிலாமணி யோசித்தார். ஆஸ்பத்திரிக்கு இது தேவலை. வெளுத்த சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்து, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மண்டப வாசலில் சுருளி நின்று, வந்தவர்களிடமெல்லாம், "மாசிலாமணி அண்ணன் வரல, கைதான் வந்திருக்கு" என்று சொல்லி அனுப்பினான். வந்தவர்களும் கையைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார்கள். அந்த ஊர் அப்படி.

தங்கையா மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். கட்டியிருந்ததால் மாசிலாமணியின் கையும் சேர்ந்தே தாரை வார்த்தது. அவர் முகத்தை மட்டும் வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"அண்ணே, கையை இழுக்காதீங்க, தண்ணி சிந்துது" என்றார் தங்கையா கொட்டாவிக்கு நடுவே.

மாசிலாமணி பழனியாண்டியைப் பார்த்தார். "தலைவரே, என் கையோட கட்டியிருக்கிற ஆளுகிட்டச் சொல்லுங்க. நான் இங்க இல்ல."

அந்த நேரத்தில் செல்வமேரி வந்து சேர்ந்தாள். துண்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு மாசிலாமணியின் வலது கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள்.

"நூத்தி நாப்பது. மாத்திரை நல்லாக் கேட்டிருக்கு. ஆஸ்பத்திரி வேண்டாம். உப்பு மட்டும் எல்லாத்திலயும் பாதிதான், ஞாபகம் இருக்கட்டும்."

"கலந்துருச்சு!" என்று கத்தினான் சுருளி. கத்தியவன் முகம் சிவந்திருந்ததால் செல்வமேரி அவனுக்கும் பார்த்தாள். நூற்று எழுபது. பழனியாண்டிக்கும் பேச்சியம்மாளுக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

"குறைஞ்சது எங்க போச்சோன்னு பயந்தேன்" என்றார் பழனியாண்டி நிம்மதியாக. "ஒண்ணும் வீணாகல. நம்மகிட்டதான் இருக்கு."

தாரைத் தண்ணீரில் நனைந்த முடிச்சு அவிழவில்லை. பந்தி ஆறிப்போகுமே என்று அப்படியே உட்கார வைத்தார்கள். தங்கையா ஒவ்வொரு கவளம் அள்ளும்போதும் மாசிலாமணியின் கையும் அவர் வாய் வரை போய்வந்தது. பார்த்தவர்கள், "அண்ணன் ஊட்டிவிடுறாரே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது பேச்சியம்மாள் அப்பளக் கூடையோடு வந்தாள். நர்ஸ் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு முழு அப்பளத்தை எடுத்து, கவனமாக இரண்டாக உடைத்து, பாதியை மாசிலாமணி இலையில் வைத்தாள்.

மாசிலாமணி மெல்ல எழுந்தார். கூடவே தங்கையாவும் எழுந்தார், வேறு வழியில்லை.

"மறுபடியும் பாதியா?" என்றார் மாசிலாமணி. பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் தங்கையாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எது பாதிண்ணே?" என்றார் தங்கையா. அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

சுருளி ஓடிவந்தான். "அண்ணே, பொறுங்க! அன்னைக்கு ஒரு பாதி. இன்னைக்கு ஒரு பாதி. சேர்த்தா ஒரு முழு அப்பளம்! தங்கையா அண்ணன் உங்களுக்கு முழுசாப் போட்டுட்டாரே!"

மாசிலாமணி அசந்து போனார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததே இல்லை. கோபம் கைநழுவிப் போவது போல இருந்தது. பதறிப் போய் இலையைக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கமாகப் பார்த்தார், அந்தப் பக்கமாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதுவும் இடது பாதி!"

குழு மூன்றும் குனிந்து பார்த்தது. சந்தேகமே இல்லை, இடதுதான். இரண்டு இடது பாதியைச் சேர்த்தால் அப்பளம் எப்படி வரும்?

"அப்போ தங்கையா அண்ணன் இன்னொரு கல்யாணம் வச்சு வலது பாதியைப் போடணும்" என்றார் பழனியாண்டி.

"இவதான் கடைசி மக" என்றார் தங்கையா. "இனிமே எங்க வீட்டுல என் எண்பதாம் கல்யாணம்தான். அதுக்கு இன்னும் பதினாறு வருஷம் கிடக்கு."

"நான் அதுக்கும் வரமாட்டேன்" என்றார் மாசிலாமணி சந்தோஷமாக.

"வராம இருக்கணும்னா நீங்க உயிரோட இருக்கணும். கல்யாணம் நடக்கணும்னா அவரும் இருக்கணும்" என்றார் பழனியாண்டி. "அதுவரைக்கும் ரெண்டு பேரையும் நல்லபடியா வச்சுக்கிறது இந்தக் குழு பொறுப்பு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் கடமை என்று ஒன்று இருக்கிறதே. மூன்று பேரும் சாப்பிட உட்காராமலே, பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு, மாசிலாமணிக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம், தங்கையாவுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று மண்டபத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள்.