காது கேளாதவளுக்கு ஒரு மரப்பொம்மை

"சாமி, அவளுக்குக் காது கேக்காதே. அங்க கூப்பிட்டா என்ன பண்ணுவா?"

கேட்டவர் சென்பி. நைல் நதிக்கரையில் சவப்பெட்டிகளுக்கு வர்ணம் தீட்டுகிறவர். தலை நரைத்த பிறகு எழுத்துப் படிக்க ஆசை வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான எழுத்தர் அமேனியிடம் சீடராகச் சேர்ந்தவர். ஊர் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவர் மனைவி ஹெனூத். காது போன பிறகு அவள் குரல் இரண்டு மடங்காகிவிட்டது. படகுத்துறையில் நின்று அவள் புருஷனைக் கூப்பிட்டால் நாலு தெரு திரும்பிப் பார்க்கும்.

அவள் இறந்து எழுபது நாள்; உடலைப் பதப்படுத்தும் வேலை முடிந்துவிட்டது. இன்று பொழுது சாய்வதற்குள் கல்லறையை அடைத்துவிடுவார்கள்.

"அதுக்குத்தானே பெரியவரே பொம்மை வைக்கிறோம்" என்றார் அமேனி.

அது அந்த ஊர் வழக்கம். செத்தவர்கள் போகும் அந்த உலகத்திலும் வயல் உண்டு. வயல் இருந்தால் வேலையும் உண்டு, செத்தும் விட்ட பாடில்லை. மணல் சுமக்க ஆள் கூப்பிடும்போது, கூட வைத்த மரப்பொம்மை "இதோ வந்தேன்" என்று எழுந்து போகும். அதன் மார்பில் யார் பெயர் எழுதியிருக்கிறதோ, அவருக்காக மட்டும் போகும்.

சென்பி துணியைப் பிரித்துப் பொம்மையை எடுத்தார். அத்தி மரம், மஞ்சள் பூச்சு. ஒடுங்கிய கன்னம். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

அமேனி பொம்மையைப் பார்த்தார். பிறகு சென்பியைப் பார்த்தார்.

"உங்க முகமா?"

"தெரியாத முகமா இருந்தா பயந்துடுவா சாமி."

அமேனி மார்பிலிருந்த எழுத்தைப் படித்தார்.

"பேரும் உங்களுதா இருக்கே."

சென்பி தலைகுனிந்தார்.

"அப்ப இது உங்களுக்காகத்தான் போகும். அந்தம்மாவேதான் மண்ணு சுமக்கணும்."

"தெரியும் சாமி. ஆனா அந்த வெறும் வீட்டுல என்னால இருக்க முடியலை. என் பேராவது அவகூடப் போகட்டும்னு…"

அமேனி எழுந்து வாசலுக்குப் போனார். தெருவைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"ஹெனூத்!"

"இதோ வந்துட்டேன்!" என்றார் சென்பி.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவள் காது போன நாளிலிருந்து பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம். வாசலில் மீன்காரி கூப்பிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. அவர்தான் தூரிகையைப் போட்டுவிட்டு ஓடுவார். இந்த எழுபது நாளாக யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

அமேனி ஈரத்துணியை நீட்டினார்.

சென்பி தன் பெயரைத் துடைத்தார். அவள் பெயரை எழுதினார். முகத்தையும் மாற்றச் சொல்வாரோ என்று நிமிர்ந்து பார்த்தார். அமேனி சொல்லவில்லை.

பொம்மையைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சாமி, ஒரு நாள் நானும் போவேன். அத்தனை கூட்டத்துல அவளை எங்கன்னு தேடுவேன்? நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேக்காதே."

"காதுதானே கேக்காது, பெரியவரே?" என்றார் அமேனி. "உங்களைக் கூப்பிட அந்தம்மாவுக்கு வாயுமா இல்லை?"