செங்கோடன் நின்ற இடம்

ஆலங்காட்டூர் நூலகத்து மாடியில் ஞாயிறுதோறும் போட்டித் தேர்வு வகுப்பு நடக்கும். வரலாறும் தத்துவமும் வசுமதி எடுப்பார். மாணவர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். ஆனாலும் அவர் உள்ளே வந்ததும் முதலில் எழுந்து நிற்பவன் போலீஸ்காரன் செங்கோடன்தான்.

டி.எஸ்.பி. ஆகிவிட வேண்டும் என்பது செங்கோடனின் வெகுநாள் ஆசை. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. முதல்நிலைத் தேர்வில் தேறிவிட்டான். முதன்மைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பௌத்தம், சமணம், ஆசீவகம், சாங்கியம் என்று எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். எல்லாம் ஸ்டேஷன் வாசலில் காவல் நிற்கும்போது முணுமுணுத்து மனப்பாடம் செய்தவை.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போனபிறகும் அவன் போகவில்லை.

"மேடம், சமணத்துல ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"சியாத்வாதப்படி பார்த்தா, ஒண்ணை 'நடந்தது'ன்னும் சொல்லலாம், 'நடக்கல'ன்னும் சொல்லலாம், 'சொல்ல முடியாது'ன்னும் சொல்லலாம். மூணுமே சரிதானே?"

வசுமதி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"இது தேர்வுல வர்ற கேள்வியா, வேற எங்கயாவது வர்ற கேள்வியா?"

அவர் திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் வியர்த்திருந்தது. பிறகு சொன்னான்.

கடைத்தெருவில் சலூன் வைத்திருக்கும் பழனிச்செல்வத்தை ஒரு திருட்டு வழக்கில் விசாரிக்கக் கூட்டி வந்திருந்தார்கள். திருடியவன் அவரிடம் முடிவெட்டிக்கொள்பவன் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. கேட்டதற்குத் தெரியாது என்றார். எஸ்.ஐ. அவருடைய வலது கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி லத்தியால் அடித்தார். எலும்பு நொறுங்கிவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதிவிட்டார்கள். பழனிச்செல்வத்தின் மனைவி மனு கொடுத்து, இப்போது கோட்டாட்சியர் விசாரணை வந்திருக்கிறது.

"நீங்க பார்த்தீங்களா?"

"அன்னிக்கு வாசல்ல காவல் என்னோடது. கதவு பாதி திறந்திருந்துச்சு." நோட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. நான் மட்டும் மாத்திச் சொன்னா அதோட என் கதை முடிஞ்சுது. பரீட்சைக்கு லீவுகூடக் கிடைக்காது. அதனாலதான், சரியாத் தெரியலன்னு சொல்லிடலாமான்னு பார்க்கறேன். எந்த உண்மையும் முழு உண்மை இல்லைன்னுதானே மேடம் சமணத்துலயே சொல்றாங்க?"

வசுமதி மேஜையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அதன் ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு செம்பை நீட்டினார்.

"ஒடுக்கு இருக்கா?"

"இங்கேருந்து தெரியல."

"எனக்குத் தெரியுது. அப்போ இருக்கா, இல்லையா?"

"ஒரு நோக்கில் இருக்கு, ஒரு நோக்கில் இல்லை." செங்கோடனின் முகம் சற்றுத் தெளிந்தது. "இதைத்தான் மேடம் நானும் சொல்றேன்."

அவர் செம்பைத் திருப்பி அவன் எதிரே வைத்தார். ஒடுக்கு அவனைப் பார்த்திருந்தது.

"இப்போ?"

அவன் ஒடுக்கை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"'சியாத்'துக்கு என்ன பொருள் எழுதி வச்சிருக்கீங்க?"

"ஒருவேளை."

"அதை அடிச்சிடுங்க. 'இந்த இடத்திலிருந்து'ன்னு எழுதுங்க."

சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

விசாரணை அன்று செங்கோடன் சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். வராந்தாவில் எஸ்.ஐ. அவன் தோளில் தட்டி, "தைரியமாப் பேசுப்பா" என்றார். உள்ளே கோட்டாட்சியர் கோப்பிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"அவர் வழுக்கி விழுந்தாரா?"

"குளியலறை நான் நின்ன இடத்துலேர்ந்து தெரியாதுங்க ஐயா."

"அப்போ எதுவும் பார்க்கலையா?"

வெளியே யாரோ இருமினார்கள்.

"நின்ன இடத்துலேர்ந்து தெரிஞ்சதைச் சொல்றேங்க ஐயா" என்றான்.

சொன்னான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எழுதிக்கொண்டிருந்தவர் ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தி அவனை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

அந்த வாரமே மலையடிவாரத்துச் சோதனைச்சாவடிக்கு அவனை மாற்றினார்கள். பேசிப் பழகியவர்கள் போனை எடுக்கவில்லை. தேர்வு நாட்களுக்கு விடுப்புக் கேட்டான், மறுத்துவிட்டார்கள். தேர்வு நடந்தபோது அவன் லாரிகளை நிறுத்தித் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் போனபின் ஒரு ஞாயிறு நூலகத்து மாடிக்கு வந்தான். வகுப்பு முடிந்திருந்தது. வசுமதி மட்டும் இருந்தார்.

"உட்காருங்க செங்கோடன்."

அவன் உட்காரவில்லை.

"எஸ்.ஐ.யை சஸ்பெண்ட் பண்ணினாங்க மேடம். திரும்ப வந்துட்டார். வேற ஸ்டேஷன், தோள்ல அதே நட்சத்திரம். பழனிச்செல்வத்தோட கை இனி மடங்காதாம். எனக்கு வயசு வரம்பு முடிஞ்சுபோச்சு. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். இதுல என்ன மாறிச்சு, சொல்லுங்க."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பழனிச்செல்வத்தைப் பார்த்தீங்களா?"

"இப்போ அங்கேருந்துதான் வர்றேன்."

"எப்படி இருக்கார்?"

"கடையைத் திறந்துட்டார். இடது கையால பழகறார். மத்தவங்க உட்கார பயப்படறாங்க." செங்கோடன் தன் தாடையைத் தடவிக்கொண்டான். காதோரம் சிறு கீறல் ஒன்று இருந்தது. "நான் உட்கார்ந்தேன். ஷேவ் பண்ணிவிட்டார்."

"கத்தியாலயா?"

"கத்தியாலதான்."

"கழுத்திலயும்?"

"கழுத்திலயும். ரொம்ப நேரமாச்சு. கை நடுங்குது அவருக்கு." கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான். "காலையில டியூட்டி முடிஞ்ச அலுப்பு. பாதியில கண்ணை மூடித் தூங்கிட்டேன். அவர்தான் எழுப்பினார்."

வசுமதி பெஞ்சிலிருந்த புத்தகங்களை எடுத்து ஓரமாக வைத்தார்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல இருந்தவங்கள்ல, அந்த நாற்காலியில போய்க் கண்ணை மூடக்கூடியவங்க வேற யாரு செங்கோடன்?"

செங்கோடன் பெஞ்சில் உட்கார்ந்தான்.