மருதாயி தெளிய வெச்ச தண்ணி

ஒரு ஊர்ல ஒரு பரபரப்புக்காரி இருந்தாளாம், மருதாயின்னு பேரு. சோறு வேகறதுக்குள்ள நாலு தடவை மூடியைத் திறந்து பாப்பா. ஏய், 'ம்' கொட்டுடி, இல்லேன்னா நிறுத்திருவேன். ஆங், அப்படி!

அவ வீட்டுல சுட்டின்னு ஒரு பசு. காலையிலதான் கன்னு போட்டுச்சு. அப்போ பாத்து அடிச்சுது பாரு மழை, சடசடசடன்னு! ஏரி, கிணறு எல்லாத்துலயும் செம்மண் கரைஞ்சு தண்ணி செக்கச்செவேல்னு ஆயிருச்சு. சுட்டி மோந்து பாத்துட்டு, 'புஸ்ஸு'ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. தண்ணி குடிக்கலேன்னா பால் எப்படிச் சுரக்கும்? கன்னு மடியை முட்டி முட்டிப் பாக்குது, ஒண்ணும் வரலை. "ம்மா... ம்மா..."ன்னு கத்துது. மருதாயி அடுத்த வீட்டுக்கு ஓடினா.

அங்க செல்லாயி அக்கா ஒரு கை தேத்தாங்கொட்டை கொடுத்தா. அது ஒரு மரத்துக் கொட்டை, குட்டிக் குட்டியா இருக்கும். "இது அழுக்கையெல்லாம் அடியில உக்கார வெச்சுரும்டி"ன்னா. அவ சொல்லி முடிக்கலை, மருதாயி வீட்டுக்கு ஓடி, அத்தனையையும் பெரிய பானைத் தண்ணிக்குள்ள போட்டுட்டா, தொபுக் தொபுக்னு. தெளியுமா? தெளியலை.

அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. "ஊறுகாயாடி போடுற? கொட்டையைப் பானை உள்பக்கம் உரசிட்டு, அப்புறம் தண்ணி ஊத்து. ஊத்திட்டா தொடக்கூடாது." சரக் சரக்னு உரசினா, ஊத்தினா. கொஞ்ச நேரம்கூட ஆகலை, "தெளிஞ்சுதா?"ன்னு கையை விட்டுத் துழாவிட்டா! அடியில உக்காந்த சேறெல்லாம் குபுகுபுன்னு மேல வந்துருச்சு. கூறு கெட்டவ!

தூங்கிட்டியா? ம்? சரி.

அப்போ மறுபடியும் உரசி ஊத்தினா. கை துறுதுறுங்குது. எந்திரிக்கப் போறா, கன்னு தள்ளாடித் தள்ளாடி வந்து, அவ மடியில தலையை வெச்சுக் கண்ணை மூடிக்கிச்சு. அசைஞ்சா முழிச்சுக்கும். முழிச்சா பசியில அழும். பாவம், என்ன பண்ணுவா? கால் மரத்துப் போச்சு, மூக்கு அரிக்குது. அசையலையே அவ! பொழுது சாயுற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தா.

அப்புறம் கன்னு முழிச்சுது. பானையை எட்டிப் பாத்தா, சேறெல்லாம் அடியில படிஞ்சு, மேல தண்ணி பளபளன்னு நிக்குது! மேலாக்க மொண்டு மொண்டு தொட்டியில ஊத்தினா. சுட்டி மொடக் மொடக்னு குடிச்சுது, குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மடி கனத்துச்சு. கன்னு வாய் வெச்சுது பாரு, சப்பு சப்புன்னு! கடவாயெல்லாம் நுரை. மருதாயிக்குச் சந்தோஷத்துல கண்ணு கலங்கிருச்சு. முதுகைத் தடவிக்கிட்டே, "மெதுவாக் குடிடா ராசா, ஒண்ணும் அவசரமில்லை"ன்னா.

கன்னுக்கும் வயிறு ரொம்பிருச்சு, கதையும் ரொம்பிருச்சு. கண்ணை மூடு, தங்கம்.