எறும்புகள் கைவிட்ட கரடி

சரக்... சரக்... சரக்...

காய்ந்த சருகின் மேல் ஒரு கால் இழுபடும் ஓசை அது. கருப்பழகி என்னும் கரடி குட்டியாக இருந்தபோது கேட்டது. அவளுடைய அம்மா குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் ஓசை. அம்மாவின் காலில் என்றோ ஒரு முள் குத்தியது. புண் ஆறவேயில்லை. பிறகு கண்ணும் மங்கியது. ஒரு கோடையில் அந்த ஓசை குளத்தங்கரை வரைக்கும் போனது. திரும்பி வரவில்லை.

இப்போது கருப்பழகிக்கு நடுவயது. அதே குளத்துக்குப் பக்கத்தில், பெரிய இலுப்பை மரத்தடியில், வசதியாக ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தாள். அதில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்தால் போதும். தித்திப்பான பூ தானாக வந்து விழும். இலுப்பை முடிந்தால் பலா. பலா முடிந்தால் பாறையிடுக்கில் தேன். முன்பெல்லாம் அவள் மரம் ஏறுவாள். புற்றைப் பிளந்து கறையான் தின்பாள். இப்போது அதெல்லாம் விட்டுப் போயிற்று.

"பாடுபட்டுத் தின்கிற வயசா இது!" என்பாள்.

ஆனால் தின்றதும் தூக்கம் அமுக்கியது. விழித்தால் தாகம். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் உடனே புதர்ப்பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் அந்தப் புதரடியிலிருந்து சில எறும்புகள் வந்து அவள் முன் கும்பிட்டு நின்றன. அவற்றின் தலைவன் பெயர் சுள்ளான்.

"மகராசி! நீங்க ஒதுங்கின இடத்து மண்ணு இனிக்குது!"

"என்னடா உளறுறே?"

"சத்தியமா தாயி! நக்கிப் பாத்துட்டுத்தான் வர்றோம். இந்தக் காட்டுல எத்தனையோ பேர் ஒதுங்குறாங்க. ஒருத்தருது உப்பு, ஒருத்தருது கைப்பு. உங்களுது மட்டும் பாகு!"

கருப்பழகிக்கு உச்சி குளிர்ந்தது. "என் உடம்பு வாகு அப்படிடா! இனிப்பான உடம்பு!"

"அதனாலதான் சொல்றோம். நீங்க அலையவே கூடாது. உட்காருங்க! சாப்பிடுங்க! எங்க பிள்ளைகுட்டிகளுக்கு நீங்கதான் படியளக்கணும்!"

எறும்புகள் போன சற்று நேரத்தில் செங்காலி வந்தாள். அவள் ஒரு கௌதாரி. பறக்கத் தெரிந்தும் பெரும்பாலும் நடந்தே திரிகிறவள். நடந்துகொண்டே கொத்துவாள்; கொத்திக்கொண்டே பேசுவாள். புதரடியில் ஓர் எறும்பைக் கொத்தியவள், தூ என்று துப்பினாள்.

"ஐயே! எறும்பு தித்திக்குது! இது எங்கே மேஞ்சது அக்கா?"

கருப்பழகி பெருமையோடு விவரம் சொன்னாள். செங்காலிக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன் அம்மாவுக்கும் இப்படி எறும்பு வந்துச்சா?"

கருப்பழகி யோசித்தாள். வந்தது. கயிறு போட்டதுபோல் வரிசையாக வந்தது. 'பாத்தியா, எனக்கு எத்தனை பரிவாரம்!' என்று அம்மா சிரிக்கவும் செய்தாள். அந்த முள் குத்தியது அதற்குப் பிறகுதான்.

"வந்துச்சு. கயிறா வந்துச்சு."

"உனக்கு இன்னும் கயிறாகல. அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் வருது. உன் அம்மாவுக்கு வந்த நோவோட எல்லையில நீ நிக்கிறே அக்கா!"

"எல்லையிலதானே நிக்கிறேன்? அந்தப் பக்கம் போயிடலையே! நடக்கிறது நடக்கட்டும்!"

"அது நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. நீதான் நடக்க மாட்டேங்கிறே!"

"போடி வாயாடி!" என்று கருப்பழகி திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாயில் ஒரு பூ விழுந்தது.

இலுப்பைப் பூ உதிர்ந்து தீர்ந்தது. பலா பழுத்தது. அடிமரத்திலேயே காய்த்த பழம். அதற்காக அவள் அதிகம் அசைய வேண்டியிருக்கவில்லை. அப்படி அசைந்த ஒரு பகலில் அவள் பின்னங்காலில் இலந்தை முள் தைத்தது. சிறு முள்தானே என்று விட்டுவிட்டாள். பழம் தீர்ந்தது. புண் தீரவில்லை.

ஒரு மாலை அவள் குளத்துக்குப் போனாள். பின்னால் ஓர் ஓசை கேட்டது.

சரக்... சரக்...

நின்றாள். ஓசையும் நின்றது. நடந்தாள். அதுவும் வந்தது.

"அம்மா?" என்று திரும்பினாள்.

யாரும் இல்லை. சருகில் அவளுடைய சொந்தக் கால் இழுபட்ட தடம் மட்டும் நீளமாகக் கிடந்தது.

கருப்பழகி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு பெரிய உடம்பு அழுதால் சிறிய உயிர்களுக்குப் பயமாக இருக்கும். செங்காலி பயப்படாமல் அருகில் வந்தாள். அன்று அவள் கேலி ஒன்றும் பேசவில்லை. அலகால் முள்ளைத் தேடிப் பிடுங்கினாள்.

"புண் ஆறட்டும். ஆறினதும் என்கூட வா."

"எங்கே?"

"எங்கேயும் இல்ல. இந்தக் குளத்தைச் சுத்தி. சாப்பிட்டதும் படுக்காம வா. நீ தின்னது ரத்தத்துல இனிப்பா ஓடுது. படுத்தா அங்கேயே தேங்குது. நடந்தா கால்சதை அதை வாங்கித் தின்னுடும். சதைக்கும் பசிக்கும் அக்கா! நீ அதைப் பட்டினி போட்டுட்டு, வாயை மட்டும் கவனிக்கிறே!"

புண் மெல்ல மெல்ல, ஆறுமோ ஆறாதோ என்று பயமுறுத்தி, ஒருவழியாக ஆறியது. மறுநாளே கருப்பழகி நடக்கத் தொடங்கினாள்.

முதல் நாள் பாதிக் கரை வருவதற்குள் நாக்கு தொங்கிவிட்டது.

"மூச்சு வாங்குதுடி!"

"வாங்கட்டும்! வாங்கின மூச்சை விட்டுக்கிட்டே வா!"

தவளைகள் கரையில் கூடிச் சிரித்தன. "மலை ஊர்வலம் போகுது! வழி விடுங்க!"

கருப்பழகிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சாப்பிட்டதும் எழுந்தாள். மறுபடி சாப்பிட்டதும் மறுபடி எழுந்தாள். பாதிக் கரை ஒருநாள் முழுக் கரை ஆயிற்று. பழத்தைக் குறைத்துக்கொண்டு புற்றைத் தேடிப் போனாள். வெகுநாள் கழித்து நகம் மண்ணைக் கீறியபோது தோளும் முதுகும் விண்விண் என்று வலித்தன. அது நல்ல வலி என்று அவளுக்குத் தெரிந்தது.

எறும்புப் புற்றில் கவலை பரவியது. சுள்ளான் ஓடி வந்தான்.

"தாயி, இளைச்சுட்டீங்களே! யார் கண்ணு பட்டுச்சோ! பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தேனடை விழுந்திருக்கு. இன்னிக்கு ஒரு நாள் உட்காருங்களேன்!"

தேன் வாசனை வந்தது. கருப்பழகி உட்கார்ந்தாள். அன்று மட்டும்தான் என்று நினைத்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் சேறு. "வெயில் வரட்டும்," என்றாள். தேனடை மெழுகுகூட மிஞ்சாமல் தீர்ந்தது. தாகம் திரும்பி வந்தது. புதரடியில் எறும்புகளும் திரும்பி வந்தன. இந்த முறை சற்றுக் கூட்டமாக.

அவள் நெடுநேரம் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மழைக்கு ஒதுங்கும் பாறைக் குகைக்குள் போனாள்.

மழையில் நனைந்தபடி தேடி வந்த செங்காலி குகை வாசலில் திகைத்து நின்றாள். உள்ளே, அந்தக் குறுகிய இருட்டில், கருப்பழகி சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். தலை பாறையில் இடித்தது. குனிந்துகொண்டு நடந்தாள்.

"என்னக்கா இது, செக்குமாடு மாதிரி!"

"வெளியில மழைடி. காலுக்குள்ள மழை இல்லையே!"

எத்தனையோ மிருகங்கள் வேட்டையாடியதையும் சண்டையில் வென்றதையும் செங்காலி பார்த்திருக்கிறாள். யாரும் பார்க்காத இடத்தில், துரத்த ஒரு பகையும் இல்லாமல், தானாக எழுந்து நடந்த ஒருத்தியை அன்றுதான் பார்த்தாள். இறகை உதறிவிட்டு அவளும் உள்ளே போய்ச் சேர்ந்து நடந்தாள்.

மழை விட்டது. மறுபடியும் பங்குனி வந்து இலுப்பை பூத்தபோது சுள்ளான் மூட்டை முடிச்சோடு வந்தான்.

"நாங்க கிளம்புறோம். உங்க மண்ணு கைக்குது!"

"கைக்குதா? வாய்க்குச் சர்க்கரை போடணும்டா உனக்கு!" என்றாள் கருப்பழகி. "எங்கே போறீங்க?"

"பலாத் தோப்புக்கு. காட்டுப்பன்றி மாமா அங்கே படுத்தா எழுந்திருக்கிறதே இல்லையாம். நல்ல மனசு!"

எறும்புகள் வரிசையாகப் போயின. கருப்பழகி அவற்றுக்கு முன்பாகவே பலாத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். நடை அவ்வளவு வேகமாகியிருந்தது. "எழுந்திரு அண்ணே! பரிவாரம் வருது!" என்று பன்றியை எழுப்பினாள்.

"நடக்கிறது நடக்கட்டும் விடு," என்று பன்றி முனகியது.

கருப்பழகி அதன் காதைக் கடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அன்று முதல் குளத்தங்கரையில் மூன்று பேர் நடந்தார்கள். தவளைகளுக்குக் கேலி அலுத்துப்போயிற்று.

கௌதாரிகளுக்கு நீண்ட ஆயுசு இல்லை. ஒரு கோடையில் செங்காலி வரவில்லை. அன்றும் கருப்பழகி சாப்பிட்டதும் எழுந்தாள். தனக்கு முன்னே ஒரு சின்னப் பறவை நடக்குமளவுக்கு இடம் விட்டு, பன்றிக்கு முன்னால் நடந்தாள். பிறகு எப்போதும் அப்படியே நடந்தாள்.

எல்லையில் நிற்கும்போதே எழுந்து நடப்பவருக்குத் திரும்பி வர வழி இருக்கிறது. உட்கார்ந்துவிட்டவரை எல்லை தானே வந்து தாண்டிவிடும்.

கருப்பழகி நல்ல முதுமையில் இறந்தாள்; அன்று காலையிலும் அவள் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், சருகில் கால் இழுபடவில்லை.