பன்றிகள் காட்டிய வீடு

பன்றி வளர்க்கும் மூக்கம்மாளின் பட்டிக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. அவளுடைய பன்னிரண்டு பன்றிகளில் மூன்றின் நாக்கில் அரிசி போன்ற கட்டிகள் இருந்தன. நாடாப்புழுவின் இளம்புழுக்கள் என்றார் கால்நடை டாக்டரம்மா.

"சாயங்காலத்துக்குள்ள இந்தப் புழு எங்கேருந்து வந்துச்சுன்னு காட்டு. இல்லேன்னா எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டு ஊரைவிட்டுப் போ!" என்றார் ஊராட்சித் தலைவர் சிங்கராயர்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க தலைவரே. பட்டியைத் தாண்டி ஓடுறது இந்த மூணும்தான். அதுங்களையே கேட்போம்."

அவள் படலைத் திறந்தாள். அந்த மூன்று பன்றிகளும் தெருவில் இறங்கின. ஊர் பின்னால் நடந்தது. கோயிலைக் கடந்து, குளத்தைக் கடந்து, நேராகத் தலைவரின் மாடிவீட்டுக் கொல்லைக்குப் போயின. அங்கே கழிப்பறைக் குழாய் வந்து விழும் மூடாத பள்ளத்தில் மூக்கை நுழைத்தன.

"முட்டை போடுற புழு மனுஷன் வயித்துலதான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "முட்டை மலத்தோட வெளியே வரும். அதைத் தின்னாத்தான் பன்றிக்கு வரும்."

ஊர் மூக்கம்மாளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அவள் குரல் உயரவில்லை.

"என் பன்னிக்கு நான் மருந்து கொடுத்துக்கிறேன் ஐயா. பட்டியையும் இறுக்கிக் கட்டுறேன். நீங்க பள்ளத்தை மூடுங்க. வேகாத பன்னிக்கறியாலதான் புழு மனுஷன் வயித்துக்கு வரும், நல்லா வேகவெச்சுத் தின்னுங்க. உங்க வயித்துக்கு மாத்திரை டாக்டரம்மாகிட்டக் கேளுங்க."

தலைவர் மாத்திரைக்காக டாக்டரம்மாவிடம் கையை நீட்டினார்.